சன்னலில் மூன்று குட்டிக் கிளாஸ்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். முழங்கால் வலி குறைந்ததா? ஞாயிறன்று போனில் நான் சொல்லாத ஒன்று: ஊர்ப்பெயர் அச்சிட்ட குட்டிக் கிளாஸ்கள் சேர்க்கத் தொடங்கிவிட்டேன்! விரல் உயரம், மலிவு விலை. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி மூன்றும் சன்னலில் நிற்கின்றன. தம்பி கன்னியாகுமரி போனால் ஒன்று வாங்கச் சொல்லுங்கள். உங்கள் பழைய புடவைத் துணியில் சுற்றி அனுப்புங்கள்; வேறு துணி வேண்டாம்.

வீட்டுக்கார ஜானகியம்மா நேற்று அவற்றைப் பார்த்துவிட்டார்.

"ஏனுங்க அம்மிணி, இது தண்ணியடிக்கிற கிளாசுதானுங்க? நம்ம ஊட்ல இதெல்லாம் ஆகாதுங்க. ரூமக் காலி பண்ணிருங்க."

"குடிக்க இல்லீங்கம்மா, ஊர்ப் பேருக்காகச் சேக்கிறேன்."

அவர் திரும்பி உள்ளே போய்விட்டார்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, இதை மட்டும் சொல்லி முடிக்கிறேன். இன்று காலை ஜானகியம்மா முந்தானையில் மறைத்து, தன் கணவரின், 'கோவா' என்று அச்சிட்ட குட்டிக் கிளாசைக் கொண்டுவந்து அந்த மூன்றுக்கும் பக்கத்தில் வைத்தார்.

இந்து