மருதமரத்தை வைத்து நீங்கள் போட்ட கணக்கு

என் அன்பான கணக்கு மாஸ்ரருக்கு,

நீங்கள் போய் ஒரு மாரியும் கழிந்துவிட்டது. எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்ல உங்கள் மனைவி கமலாதான் எழுதுகிறா. தன்னைப் பற்றிய பேச்சு வந்தால் பேனையை வைத்துவிடுகிறா.

யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து, கனகராயன்குளத்தில் என் காணியை ஒட்டிய காணியில் குடியிருக்கக் கொட்டில் போட்டீர்கள். அதில் உங்களுக்காக நான் வெட்டிய இரண்டு கிணறும் வறண்டு கிடந்தன. ஊர் கைவிரித்தது. நீங்கள் வேலியோரத்து மருதமரத்தைக் காட்டினீர்கள். நினைவிருக்கிறதா?

"கந்தையா அண்ணை, இந்தக் காணிக்குக் கீழ தண்ணியே இல்லையெண்டு வைப்பம். அப்ப கோடையில மருது காஞ்சிருக்க வேணும். காயேல்லை. அப்ப நாங்கள் வைச்சது பிழை. தண்ணி இருக்கு."

"சரி, எங்க இருக்கு?"

"அதை இந்த நிறுவல் சொல்லாது. இருக்கெண்டு மட்டும்தான் காட்டும்."

அதற்கு நான் எருமைக் கதை சொன்னேன். முன்பொருமுறை என் எருமை தொலைந்தது. நல்ல கறவை, கொம்பு ஒன்று வளைந்தது. காட்டுக்குள்தான் நிற்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். காட்டில் நிற்கிற எருமையைக் கறக்க ஏலுமா? நான் இதைக் கேட்டபோது நீங்கள் சிரிக்கவில்லை. கணக்குப் படித்தவர்களிலும் என் கட்சிக்காரர் உண்டு, இருக்கிறதென்றால் எடுத்துக் காட்டு என்று நிற்பவர்கள் என்றீர்கள். அவர்கள் கதையைச் சொல்லி முடிக்குமுன் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய்விட்டது.

பள்ளிக்கூடக் கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்து கமலா களைத்துவிட்டா. பிள்ளைகளோடு தமையன் வீட்டுக்குப் போகப் பார்க்கிறா. நான் விடவில்லை. இரண்டு குழி வறண்டால் அந்த இரண்டு இடத்தில் இல்லை, அவ்வளவுதானே?

மருதடியில் மூன்றாவதைத் தொடங்கினேன். கல் தட்டியது. ஆனால் பெருவேர் ஒன்று கல்லைச் சுற்றி, வேலிக்குக் கீழால், என் காணிக்குள் இறங்குகிறது. மாஸ்ரர், உங்கள் கணக்கில் அங்கேதான் ஓட்டை. மரம் உங்கள் காணியில் நிற்கிறது என்பதற்காக, வேர் வேலி பார்த்துக் குடிக்குமா?

வேர் போகிற வழியே இப்போது வெட்டுகிறேன். மண் கொஞ்சம் குளிர்கிறது. தண்ணீர் என்று இன்னும் சொல்லமாட்டேன்.

கமலா பேனையை வைத்துவிட்டா. "உங்கட காணித் தண்ணி எங்களுக்கு எதுக்கு அண்ணை?"

"எழுதுங்கோ தங்கச்சி. அவருக்குத்தான் சொல்லுறன்."

தண்ணீரைக் கண்ணால் கண்ட அன்றைக்கு, வேலியைப் பிடுங்கிக் கிணற்றுக்கு அப்பால் நடுவேன். கிணறு உங்கள் காணிக்குள் வந்துவிடும். உங்கள் நிறுவலும் சரியாகிவிடும்.

இப்படிக்கு,
காணாமல் நம்பாத உங்கள் அண்ணன்,
கந்தையா