திரும்பி வரும் தண்ணீர்

ஜூலை 13, ஞாயிறு

காற்றே இல்லை. பகல் முழுக்கப் புழுக்கம்.

மீன் தொட்டி வேலை ஒருவழியாக முடிந்தது. மேலே நாலடித் தொட்டி. ஸ்டாண்டுக்குள் கீழே இன்னொரு சின்னத் தொட்டி. மேலே நிரம்பினால் ஓரத்து ஓட்டை வழியாகக் குழாயில் அழுக்குத் தண்ணீர் கீழே இறங்கும். பஞ்சில் வடிந்ததும் மோட்டார் அதை வேறு குழாயில் மேலே ஏற்றும். என் வீட்டுக்காரர் கப்பல் யார்டில் ஃபிட்டர். ஒரு சொட்டு ஒழுகாது என்று வந்தவர் போனவரிடமெல்லாம் பெருமை.

ஒழுகவில்லைதான். ஆனால் மேலே வந்து விழுகிற சத்தம்! ராத்திரி முழுக்க யாரோ பக்கத்தில் நின்று குளிக்கிற மாதிரி. தூக்கம் போச்சு என்று சண்டை போட்டேன்.

15, செவ்வாய்

மோட்டார் குழாயின் வாயை நீட்டி, தொட்டியின் அடிவரை தண்ணீருக்குள் இறக்கிவிட்டார். சத்தம் நின்றது. நல்ல மனுஷன்தான். அடித்துப் போட்டாற்போல் தூங்கினேன்.

ரேஷன் - மறந்தாச்சு. பச்சை நூல், ஹூக், மீன் தீனி.

16, புதன்

மதியம் கரண்ட் கட். பாதித் தையலில் மிஷினை விட்டுவிட்டுத் தரையில் படுத்தேன். கொஞ்ச நேரத்தில் முதுகெல்லாம் ஈரம்.

மோட்டார் நின்றதும், ஏற்றிய குழாய் வழியாகவே தண்ணீர் திரும்பி இறங்குகிறது. குழாய் வாய் அடியில் கிடப்பதால் நிற்கவே இல்லை. சின்னத் தொட்டி நிரம்பி வழிகிறது. வாயைத் தூக்கித் தண்ணீருக்கு வெளியே எடுத்த பிறகுதான் நின்றது. பாவாடை, பழைய புடவை எல்லாம் போட்டுத் துடைத்தேன். பாதித் தண்ணீர் தரை விரிசலில் போய்விட்டது.

கீழ் வீட்டில் அமுதா. பிள்ளை பெற்று ஒரு மாதம். கறிவேப்பிலை கேட்கிற சாக்கில் இறங்கினேன். சீலிங் கொக்கியில் தூளி, உள்ளே குழந்தை. கொக்கியைச் சுற்றித் தட்டு அகலத்துக்கு ஈரம். பூச்சு உப்பியிருக்கிறது. எங்கள் தண்ணீர்தான்.

சொல்ல வாயெடுத்தேன். அமுதாவின் நாத்தனார் கன்னியம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். காசிமேட்டில் மீன் விற்கிறவள். ஒன்று கேட்டால் பத்துப் பேசுவாள். கறிவேப்பிலையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இவரிடம் சொன்னேன். வாயைத் திறக்காதே, தொட்டியையே எடுக்கச் சொல்வார்கள் என்கிறார். வால்வு போட்டால் சரியாகிவிடுமாம்.

18, வெள்ளி

தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடுகிற வால்வு. மாட்டி, குழாயை மறுபடி அடிவரை இறக்கிவிட்டு, பிளக்கைப் பிடுங்கிக் காட்டினார். தண்ணீர் திரும்பவில்லை. சிரிக்கிறார்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஊரே கரண்ட் எப்போது வரும் என்று கிடக்கிறது. எனக்குப் போய்விடுமோ என்று குலை நடுக்கம். ஃபேன் கொஞ்சம் மெதுவானாலும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

கீழே போனது: காலையில் தயிருக்கு உறை. மதியம் ஊசி. சாயந்திரம் சும்மா. போகிறபோதெல்லாம் கண் தூளிக்கு மேலேயே. ஈரம் காய்ந்திருக்கிறது, உப்பல் பெரிதாகியிருக்கிறது. இந்த இடத்தில் காற்று வராதே, தூளியை மாற்றிக் கட்டேன் என்றேன். ஒரே கொக்கிதானே என்றாள் அமுதா. பாவம், எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள்.

19, சனி

குழந்தை ராத்திரி பூரா அழுததாம். கன்னத்தில் பெரிய மைப்பொட்டு. கன்னியம்மா வாசலிலேயே மறித்தாள்.

"சும்மா சும்மா வந்து தூளியவே மொறச்சிகினு கீற. உனுக்குப் புள்ள இல்லன்னா எங்க புள்ள மேல கண்ணு வெப்பியா? இனிமே இங்க வராத."

கதவைச் சாத்திவிட்டாள். கல்யாணமான நாளாக ஜாடையாக எத்தனையோ கேட்டிருக்கிறேன். முகத்துக்கு நேரே இதுதான் முதல் தடவை. குளியலறையில் நின்று அழுதேன்.

அழுகை அடங்கியதும் பழைய பயமே வந்தது. இனிமேல் அந்தச் சீலிங்கை யார் பார்ப்பது?

20, ஞாயிறு

 நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

இவர் ஷிஃப்ட்டுக்குப் போயிருந்தார். இட்லி ஊற்றும்போது கரண்ட் போனது. தொட்டி முன்னாடி உட்கார்ந்து வால்வையே பார்த்தேன். முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் சின்னத் தொட்டியில் தண்ணீர் மட்டம் ஏற ஆரம்பித்தது. மீன் கழிவு ஏதோ சிக்கி வால்வு மூடிக்கொள்ளவில்லை போல.

குழாயைத் தூக்குவதா, கீழே ஓடுவதா? தூக்கிவிட்டு ஓடியிருக்கலாம். புத்தி வேலை செய்யவில்லை. ஓடினேன்.

கதவைத் தட்டினேன். கூப்பிட்டதில் என் குரல் தெரிந்துவிட்டது; யாரும் திறக்கவில்லை.

"கண்ணு இல்லக்கா, தண்ணி. எங்க வூட்டுத் தொட்டித் தண்ணி உங்க சீலிங்ல எறங்குது. கொயந்தைய தூக்குங்க."

கதவு திறந்தது. குழந்தை அமுதாவின் தோளில். தூளித் துணியில் சொட்டுச் சொட்டாக ஈரம். கன்னியம்மா துடைப்பக் கட்டையால் கொக்கியோரம் ஒரு குத்துக் குத்தினாள். முறம் அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து, நேராகத் தூளிக்குள்ளேயே விழுந்தது. கொக்கியோடு துணி ஆடிக்கொண்டிருந்தது.

கன்னியம்மா கத்துவாள் என்று நின்றேன். கத்தவில்லை.

"அப்ப இத்தினி நாளும் நீ தெரிஞ்சேதான் பாத்துகினு இருந்தியா?"

ஆமாம் என்றேன்.

அமுதா குழந்தையின் முகம் எனக்குத் தெரியாதபடி இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.