கிலோக் கணக்கில் போர்வை

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே என் வலது தோள்பட்டையைத் தவிர மற்றதெல்லாம் நலம், அப்பாவின் வாய்க்கும் ஒரு குறையுமில்லை, நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன், போட்டோவைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. அக்கா போன வாரம் வந்து போனாள், அவள் பெண்ணுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டது, அந்தப் பொக்கை வாயை வைத்துக்கொண்டு அப்பாவையே அதட்டுகிறது. நீ அனுப்பிய பார்சல் பத்து நாள் முன்னால் வந்தது. உன் மேனேஜரின் மனைவி ஆசையாகத் துண்டுத்துணிகளை இணைத்துத் தைத்த போர்வையின் மேல்துணி, அதற்குள் உன் சீட்டு. எங்கம்மா வீட்டுல சும்மாதான் இருக்காங்க, முடிச்சுக் குடுப்பாங்க, காசெல்லாம் வேண்டாம்னு அந்தம்மாகிட்ட சொல்லிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். என் காசை வேண்டாம் என்று சொல்ல நீ யாருடா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்பதற்கு முன்னால் என் கூலி இந்த வீட்டில் பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறேன்.

இந்தத் தெருவில் இப்போது எல்லாருக்கும் கலை வந்துவிட்டது. கலர் கலராகத் துணியை வெட்டி, பாட்டுக் கேட்டுக்கொண்டே சேர்த்துத் தைப்பார்கள், அது ஜாலியான பாதி. அப்புறம் அடித்துணியைத் தரையில் விரித்து, நடுவே பஞ்சைப் பரப்பி, மேல்துணியைச் சுருக்கமில்லாமல் போட்டு, மூன்றும் நழுவாமலிருக்க முட்டி போட்டு இருநூறு ஊக்கு குத்தி, மெஷினில் முழுக்கத் தையல் ஓட்டி, நாலு பக்கமும் ஓரம் கட்டுவது இருக்கிறதே, அந்த முதுகு ஒடியும் பாதி மட்டும் என் வீட்டு வாசலுக்கு வரும். எதிர்வீட்டுக் கண்ணாடிக்கடைக்காரர் மனைவி ஒன்றைக் கொண்டுவந்தாள், அதில் ஒரு சதுரம் கிழக்கே பார்க்கிறது, பக்கத்துச் சதுரம் அதோடு சண்டை போட்டமாதிரி மேற்கே பார்க்கிறது, அதை நீட்டி எல்லாம் நானே தைச்சுட்டேன், நீங்க சும்மா முடிச்சா போதும் என்றாள். எவ்வளவு என்று கேட்டால் பார்த்துக் கொடுங்கள் என்றுதான் இத்தனை வருஷமாக நானும் சொல்லித் தொலைத்தேன். என்னத்தைப் பார்த்தார்களோ, ஒரு டப்பா பிஸ்கட் வரும். ஒருத்தி தன் பழைய கைப்பையைக் கொடுத்தாள், அதில் ஜிப் வேலை செய்யவில்லை.

இதைப் பார்த்துப் பொறுக்காமல் உன் அப்பா களத்தில் இறங்கினார். முப்பத்தொரு வருஷம் பார்சல் ஆபீசில் எடை போட்ட மனிதர், கல்யாணமான புதிதில் என்னையே ஆபீசுக்குக் கூட்டிப்போய்த் தராசில் ஏற்றி நிறுத்துப் பார்த்தவர், அவருக்கு உலகத்தில் எதுவும் கிலோவில்தான் புரியும். போர்வைக்கும் கிலோவுக்கு இவ்வளவு என்று அட்டையில் எழுதி கேட்டில் மாட்டி, கூடத்தில் ஒரு தராசையும் வாங்கி வைத்துவிட்டார், என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தெருவே குளிர்ந்துபோனது. ஏன் குளிராது, மெல்லிசுப் பஞ்சாகப் பார்த்து வாங்கிவந்து, விரல் இடைவெளிக்கு ஒரு தையல் வேண்டும் என்று கேட்டார்கள். பதினொரு நாள் குனிந்து முடித்த போர்வை ஒரு கிலோகூடத் தேறவில்லை. அப்பா தராசு முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார், என் முதுகைப் பார்க்கவில்லை.

கடைசியில் அந்தக் கண்ணாடிக்கடைக்காரர் மனைவிதான் முற்றுப்புள்ளி வைத்தாள், அவளுக்கு அந்தப் புண்ணியம் சேரட்டும். முடிப்பதற்கு முன்னாலேயே எவ்வளவு வரும் என்று தெரிய வேண்டுமாம், நான் மருந்து வாங்கப் போயிருந்த நேரம் பார்த்து வந்தாள். ஊக்கெல்லாம் இரும்பு, அந்த எடைக்கு நான் ஏன் காசு குடுக்கணும், கழிச்சுட்டு நிறுங்க என்றாளாம். உன் அப்பாவுக்கு நியாயம் என்று யாராவது சொன்னால் போதுமே, உட்கார்ந்து இருநூறு ஊக்கையும் ஒவ்வொன்றாகக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டு, துணியைத் தூக்கித் தராசில் வைத்திருக்கிறார். நான் திரும்பி வந்தபோது அடித்துணி ஒரு பக்கம், பஞ்சு ஒரு பக்கம், மேல்துணி சோபாவில். ஒரு மத்தியானம் முழுக்க முட்டி தேய்ந்தது போச்சு. நிகர எடைதாம்மா சரியான எடை என்று எனக்கே பாடம் நடத்தினார். நான் கேட்டில் தொங்கிய அட்டையைக் கழற்றிக் கிழித்தேன். அன்று முதல் வீட்டில் காபி அவரே போட்டுக்கொள்கிறார்.

பிறகு நானே உட்கார்ந்து யோசித்தேன். மணிக்கு ஒரு சாக்பீஸ் கோடு மெஷின் பலகையில் போட்டுக்கொண்டே தைத்தேன், ஏழு கோடு ஒரு நாள். நம் கேட்டுக்குப் பெயின்ட் அடிக்க வந்தவருக்கு அப்பா மறுபேச்சில்லாமல் எண்ணிக்கொடுத்த நாள்கூலிதான் இனி என் நாள்கூலி, அந்தப் பெயின்டர் பாதி நேரம் போனில் பேசினார், நான் அதுகூடச் செய்வதில்லை. நமக்குள்ள என்னங்க கூலி, அசலாள் மாதிரி பேசறீங்களே என்று கண்ணாடிக்கடை அம்மாள் முகத்தைத் தூக்கினாள். போன வருஷம் நம் ஜன்னல் உடைந்தபோது அவள் வீட்டுக்காரர் நமக்குள்ளே என்று கண்ணாடியைச் சும்மா மாட்டினாரா, வெட்டி எறிந்த துண்டுக்கும் சேர்த்துத்தானே வாங்கினார், அதைச் சொன்னேன். போனவள் நாலாம் நாள் பணத்தோடு வந்தாள். முட்டி போட வேறு யார் இருக்கிறார்கள்?

இப்போது உன் விஷயம். சும்மா இருக்கிறாள் என்று அப்பா சொன்னால் எனக்குக் கோபம் வரும், பதிலுக்கு நாலு கொடுத்துவிட்டு மறந்துவிடுவேன். நீ எழுதியதைப் படித்து நான் அழுதேன்டா. உன் காலேஜ் பீசில் எத்தனை போர்வை இருந்தது என்று உனக்குத் தெரியாமல் போனது என் தப்பு, சொல்லிக்காட்டக் கூடாது என்று இருந்துவிட்டேன். உன் மேனேஜர் மனைவியின் போர்வையை முடித்துவிட்டேன், அவள் தையல் நேராகத்தான் இருக்கிறது, அதைக் குறை சொல்லமாட்டேன். ஐந்தரை நாள் ஆயிற்று, கணக்குச் சீட்டு இந்தக் கவரிலேயே இருக்கிறது. கூலி வந்ததும் போர்வை வரும். கூச்சப்பட்டுக்கொண்டு உன் சம்பளத்திலிருந்து போட்டு அனுப்பிவிடாதே, நீ பொய் சொன்னால் போனிலேயே எனக்குத் தெரியும், அந்தப் பணத்தைத் தொடமாட்டேன். எங்கம்மா தைச்சது, அவங்க கூலி இது என்று அந்தம்மா முகத்தைப் பார்த்து நீ உன் வாயால் ஒரு தடவை கேட்க வேண்டும்.

உனக்கு நல்ல உடம்பும் நல்ல பேரும் நிமிர்ந்து பேசுகிற வாயும் அமையட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். இருமல் மருந்தைப் பாதியில் நிறுத்தாதே.

உன்மேல் கோபமாகவும் பிரியமாகவும் இருக்கும்,
அம்மா