ஜானு, உன் கம்ப்யூட்டர் எழுந்துவிட்டது

என் செல்ல ஜானு,

முதலில் திட்டிவிடு, பிறகு கேள். இன்று உன் கம்ப்யூட்டரைப் படுக்க வைத்துவிட்டேன்.

தினமும் ஆறு மணிக்கு உன் குரலில் “அம்மா, காபி!” என்று அது கூப்பிடும்படி செய்துவைத்தாயே, நீ கண்மூடிய பிறகும் அது நின்றுபோகவில்லை. உன் அம்மா, நீலா மாமி, சாயந்திரமானால் அதைப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார். அது கண் விழிக்க ரொம்ப நேரம் பிடிக்கிறது என்றார். நாம் சேர்ந்து செய்வதாகச் சொன்ன வேலைதானே என்று, சனிக்கிழமை காலையிலேயே பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் வந்து, கம்ப்யூட்டரை எழுப்பி இயக்கும் கெர்னல் நிரலைக் கனமில்லாமல் புதிதாகக் கம்பைல் செய்ய உட்கார்ந்தேன்.

வரிகள் மேலே மேலே போய்க்கொண்டே இருந்தன. ஜன்னல் வழியே காவிரிக் காற்று. நீ பக்கத்தில் உட்கார்ந்து நகம் கடிக்கிறாய் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அணைத்துப் போட்டால், கறுப்புத் திரை. ஹார்ட் டிஸ்க் வட்டைப் படிக்க முடியவில்லை என்று ஒரு வரி.

“என்னடி, அப்படியே நிக்கறது?”

“நான்தான் மாமி தப்பு பண்ணிட்டேன். ஆறு மணிக்குள்ள சரி பண்ணிடறேன்.”

“அவ இதை நாலு தரம் படுக்க வெச்சிருக்கா. நீ ஒரு தரம்தானே? பதறாம பாரு.” சொன்னாரே தவிர, கண் கடிகாரத்தை விட்டு நகரவில்லை.

பிறகுதான் புரிந்தது. கனத்தைக் குறைக்க எல்லாவற்றையும் கெர்னலுக்கு வெளியே, வட்டில் வைத்தேன். வட்டைப் படிக்கும் பகுதியையும்தான்! சாவியை உள்ளே வைத்து வீட்டைப் பூட்டிய கதை.

ஷிஃப்டை அழுத்திக்கொண்டு மறுபடி போட்டேன். உள்ளே இருக்கும் கெர்னல்களின் பட்டியல் வந்தது. முதல் வரி என்னுடையது. இரண்டாவது வரியின் முடிவில், ‘சபீனா’ என்று என் பெயர். என் கெர்னலுக்கு நான் பெயரே வைக்கவில்லையே!

எனக்குத் தெரியாமல் எப்போது செய்தாய், கள்ளி? என் பிறந்தநாளுக்குக் காட்ட வைத்திருந்தாயா?

அதைத் தேர்ந்தெடுத்தேன். திரை மெல்ல வெளுத்தது. ஆறு அடிக்க இரண்டு நிமிடம் இருந்தது.

“அம்மா, காபி!”

“வரேன்டி, பறக்காதே,” என்றார் மாமி உன்னிடம். என்னைப் பார்த்து, “உனக்குச் சக்கரை ஒண்ணா, ரெண்டா?”

அடுத்த சனிக்கிழமை மறுபடி முயல்வேன். நீ செய்ததைத் தொடமாட்டேன், சத்தியம். அதற்கு மேலே என்னுடையது வரும். அதன் பெயர் ‘ஜானு’.

உன் அம்மா கைக் காபியில் உன் பங்கையும் குடிக்கும்,
உன் சபீனா