ஒன்பது கஜம், நான்கு நிமிடம்

ஜனவரி 6, திங்கள்

மாம்பழ மஞ்சளில் வெங்கடகிரி காட்டன், கறுப்பு ரவிக்கை, வெள்ளி நிற ஸ்போர்ட்ஸ் ஷூ. வலது மணிக்கட்டுப் பட்டைக்குக் கலம்காரி உறை. ஒன்பதாம் வகுப்பில் பின் பெஞ்சுக்காரி ஒருத்தி, "சால பாகுந்தி மேடம்" என்றாள். ரொம்ப அழகாக இருக்கிறதாம். தெரியும், கணக்கைப் போடு என்றேன்.

காலையில் விரல்கள் மடங்குவதற்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது. அது பின் பெஞ்சுக்குத் தெரிய வேண்டியதில்லை.

பதினொரு வருடமாக முடக்குவாதம். முதல் வருடம் முழுக்க நைட்டியில் கிடந்தேன். கொக்கி போட வராது, கொசுவம் பிடிக்க வராது. ஒருநாள் கண்ணாடியில் பார்த்தால் யாரோ ஒரு நோயாளி நின்றுகொண்டிருந்தாள். எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. மறுநாளே காந்தி ரோடு டெய்லர் இஸ்மாயிலிடம் போய், கொக்கிகளை எடுத்துவிட்டு காந்தப் பட்டன் வைக்கச் சொன்னேன். அன்றிலிருந்து வலி தன் வேலையைப் பார்க்கிறது, நான் என் வேலையைப் பார்க்கிறேன்.

ஜனவரி 12, ஞாயிறு

என் பெண் நீரஜா கல்யாணத்துக்குத் தேதி வைத்தாயிற்று. மார்ச் 2, இங்கேயே திருப்பதியில். மாப்பிள்ளை பெயர் பார்த்தா, அவளோடு ஸ்ரீ சிட்டியில் வேலை பார்க்கிறவன். கம்பெனி பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்தே முடிவு செய்திருக்கிறார்கள். இரண்டு வீட்டிலும் யாருக்கும் ஒரு குறை சொல்லத் தோன்றவில்லை. அதுவே அதிசயம்.

முகூர்த்தம் காலை ஏழரையிலிருந்து ஒன்பது. எல்லோரும் நல்ல லக்னம் என்று சந்தோஷப்பட்டார்கள். நான் மட்டும் விரலை விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். ஏழரைக்குக் கை வேலை செய்யவேண்டுமானால் எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும்?

ஜனவரி 14

சங்கராந்தி. இரண்டு கையும் வீக்கம். பேனாவை நீரஜாவின் பழைய ஸ்பாஞ்சுக்குள் செருகிப் பிடித்து எழுதுகிறேன். அவள் நெயில் பாலிஷ் போட்டுவிட்டாள். பவழ நிறம்.

ஜனவரி 19, ஞாயிறு

வைஜயந்தி அக்கா சித்தூரிலிருந்து வந்திருந்தாள். என் கணவர் ராம்ப்ரசாத்தின் மூத்த சகோதரி. அறுபத்திரண்டு வயது. மடிசார் கட்டினால் ஒரு கொசுவம் கலையாது. சோபா வேண்டாம் என்று சாப்பாட்டு நாற்காலியில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டு ஆரம்பித்தாள்.

"சத்யா, தப்பா நெனச்சுக்காதே. கண்ணபிரானும் அவன் ஆம்படையாளும் தாரை வார்த்துக் குடுக்கட்டும். நீ முன் வரிசைல ஜம்முனு உக்காந்துண்டு பாரு. உனக்குத்தான் நன்னா ட்ரெஸ் பண்ணிக்கத் தெரியுமே."

கண்ணபிரான் என் மைத்துனர். நல்ல மனிதர், அவர் மனைவியும் நல்லவள். ஆனால் பெண் என்னுடையது. அப்பா மடியில் அவள் உட்கார்ந்திருக்க, சேர்த்துப் பிடித்த கைகளின் மேல் அம்மா தண்ணீர் விடவேண்டும். பதினெட்டு மணி நேரம் வலித்துப் பெற்றது நான். தண்ணீரை மட்டும் வேறொருத்தி விடுவாளா?

இதே அக்காதான் போன வருடம் ஒரு சீமந்தத்தில், "இவ்ளோ ஷோக்கா வரவளுக்கு வலின்னா யார் நம்புவா" என்று என் காதுபடச் சொன்னாள். வலி என்றால் அலங்காரம் எதற்கு என்பாள். அலங்காரம் என்றால் வலி எங்கே என்பாள். ஏதாவது ஒரு பக்கம் நில்லேன்டி அம்மா.

அவள் போனபிறகு இவர், "அக்கா சொல்றதுலயும்..." என்று இழுத்தார். நான் பார்த்தேன். நிறுத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "முடியும்னா இருபதாம் தேதிக்குள்ள சொல்லிடு. வாத்யார்ட்ட சொல்லணும். நீ கஷ்டப்படக் கூடாதுன்னுதான்" என்றார். அடுத்த மாதம் இருபதாம் தேதி. சரி.

ஜனவரி 25, சனி

நிதானமாக யோசித்தேன். சிக்கல் இரண்டு.

ஒன்று, புடவை. தாரை வார்க்க ஒன்பது கஜம் கட்டியாக வேண்டும். கொசுவம் மடித்து, காலுக்கிடையில் கொடுத்து, பின்னால் இழுத்துச் செருகி, இன்னொருத்தர் இழுத்துக் கட்ட அரை மணி நேரம் நிற்கவேண்டும். அந்த அரை மணியிலேயே என் இடுப்பு தீர்ந்துவிடும். இரண்டு, வெள்ளிக் கெண்டி. தண்ணீரோடு ஒரு கிலோவுக்கு மேல். அதைச் சாய்க்க மணிக்கட்டு வேண்டும்.

இஸ்மாயிலிடம் மெரூன் பட்டைக் கொடுத்தேன். கடைகளில் தைத்த மடிசார் கிடைக்கிறது, பார்த்தேன். பாலியெஸ்டரில் ஆண்டுவிழா நாடகத்துக்குப் போட்டுக்கொள்கிற மாதிரி. என் பெண் கல்யாணத்தில் நான் நாடகம் போடப் போவதில்லை.

"ஒம்போது கஜம் நான் தச்சதே இல்லமா. வீடியோ பாத்துக்கினு செஞ்சிடலாம்" என்றார்.

"கத்திரி படக்கூடாது பாய்."

"பட்டுல யாராச்சும் கத்திரி வெப்பாங்களா? மடிச்சி மடிச்சி தையல் போட்டுக்கினு போறேன். இடுப்புல வெல்க்ரோ, தோள்ல காந்தம். பேன்ட்டு மாரி மாட்டிக்கினு போய்னே இருங்க."

பிப்ரவரி 3, திங்கள்

அக்காவிடம் போனில் சொன்னேன். மறைத்துச் செய்வது எனக்குப் பிடிக்காது. "தைச்ச துணி வைதீகத்துக்கு ஆகாதுடி" என்று வைத்துவிட்டாள். உடனே வாத்தியாருக்கு போன் செய்தேன். அவர் அதிகம் யோசிக்கவில்லை. "மாமி, ரவிக்கை தைச்சதுதானே? இத்தனை வருஷமா அதுக்கு யாரும் என்னைக் கேக்கலையே" என்றார். வாத்தியார் வாழ்க.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஒரு வாரமாகத் துளசிச் செடிக்குக் கெண்டியில்தான் தண்ணீர். முதல் நாள் கையை விட்டு நழுவி மூக்கு நெளிந்தது. அழுதேன். பாத்திரத்துக்காக இல்லை. பிடிச்சுண்டிருக்கோம்னு நெனச்சுண்டே இருக்கேன், கை விட்டுடறது. என்ன கை இது?

இப்போது வழி கிடைத்துவிட்டது. பாரம் முழுக்க இடது உள்ளங்கையில். வலது கை சாய்ப்பதற்கு மட்டும். மந்திரம் முடிகிறவரை ஒரே தாரையாக விடவேண்டும். இன்று சிந்தாமல் பதினோரு விநாடி வந்தது. துளசி அழுகிவிடும் போலிருக்கிறது.

பிப்ரவரி 18, செவ்வாய்

நான்கு நிமிடம்.

யார் துணையும் இல்லாமல். சாயங்காலம் இஸ்மாயில் கொண்டுவந்து கொடுத்தார். கதவைச் சாத்திக்கொண்டு போட்டேன். வெல்க்ரோ, காந்தம், முந்தானை, முடிந்தது. தனியாக ஒன்பது கஜம் உடுத்திப் பதினொரு வருடமாயிற்று. வெளியே வந்து ஒரு சுற்றுச் சுற்றினேன். நீரஜா படம் எடுத்தாள். குடும்பக் குழுவில் போட்டேன். பெருமைதான், இல்லை என்று சொல்லவில்லை.

ஒரு நிமிடத்தில் சித்தூரிலிருந்து போன்.

"என்னடி இது? முந்தானை வலது தோள்ல இருக்கு."

செல்ஃபி, இடம் வலம் மாறித் தெரியும் என்றேன். செல்ஃபி இல்லை என்றாள் நீரஜா. கண்ணாடி முன்னால் போய் நின்றேன். வலதுதான். வலது தோளில் முந்தானை போடுவது ஐயர் வீட்டு மாமிகள். ஐயங்கார்கள் எங்களுக்கு இடது. கட்டிக்கொண்டு விட்டேன் என்ற குஷியில் எந்தத் தோள் என்றே நான் பார்க்கவில்லை. இஸ்மாயில் பார்த்த வீடியோ ஐயர் வீட்டு வீடியோ. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. தோளைச் சொல்லவேண்டியது நான்.

நாளை மறுநாள் இருபது. இன்னும் பன்னிரண்டே நாளில் கல்யாணம். படுத்தேன். எழுந்திருக்கத் தோன்றவில்லை.

பிப்ரவரி 19, புதன்

காலை எட்டரைக்கு அழைப்பு மணி. வைஜயந்தி அக்கா. முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறாள்.

"தைச்சதாவது தொலையறது. வலது தோளோட மேடையேறினா சம்பந்தியாத்துல என்ன நெனப்பா? எங்க அந்த டெய்லர்?"

பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு ஆட்டோவில் போனோம். கடைப்படியில் சுவரைப் பிடித்துப் பிடித்து ஏறினாள். இஸ்மாயில் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். "குந்துங்கமா."

"வேண்டாம்."

மறுபடியும் சொன்னார். மறுபடியும் வேண்டாம். இரண்டு மணி நேரம் நின்றுகொண்டே இருந்தாள். வேறென்ன, பாயின் கடை ஸ்டூலில் உட்கார்ந்தால் மடி போய்விடும். எனக்கு ஒரே கூச்சம். பத்து வருடமாக என்னை மனுஷியாக நடமாட வைத்திருக்கிறவர் அவர். மடியாம், மடி. எனக்கு வந்த ஆத்திரத்தில் நான் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

ஆனால் வேலை தெரிந்தவள். அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். பட்டில் ஊசித் துளை வரிசை வரிசையாகத் தெரிந்தது. "துளை வெளிய தெரியாம பண்றது எப்டிமா?" என்று இஸ்மாயில் தலையைச் சொறிந்தார். அக்கா கொசுவத்தை விரலால் அளந்து, ஒரு மடிப்பு தள்ளிப் பிடித்தாள். துளைகள் அத்தனையும் உள்பக்கம் போய்விட்டன. "இப்படிப் போட்டுண்டே வாங்கோ." அவர் குண்டூசி குத்திக்கொண்டே வந்தார்.

"மா, இவங்கள நம்ம கடையிலயே வேலைக்கி வெச்சிக்கலாமா?" என்று என்னைக் கேட்டார். அக்கா சிரித்ததை இத்தனை வருடத்தில் இன்றுதான் பார்த்தேன்.

பிப்ரவரி 20

இவரிடம் சொல்லிவிட்டேன். "நான்தான் வார்க்கப்போறேன். வாத்யார்ட்ட சொல்லிடுங்கோ." இவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அதற்குத்தான் காத்திருந்தார் போல.

மார்ச் 2

பேனா பிடிக்க வரவில்லை. வார்த்தேன்.

மார்ச் 5, புதன்

இன்றுதான் விரல் மடங்குகிறது. முழுவதும் எழுதிவிட வேண்டும்.

கல்யாணத்தன்று நாலு மணிக்கு எழுந்தேன். வெந்நீரில் கை. மாத்திரை. ஆறரைக்குப் புடவை, நான்கு நிமிடம், இடது தோள். மணிக்கட்டுப் பட்டைக்கு அதே மெரூனில் இஸ்மாயில் உறை தைத்து, சொல்லாமலே பொட்டலத்துக்குள் வைத்திருந்தார். அரக்குக் கல் தோடு. புடவைக்குள்ளே வெள்ளி ஷூவைப் போட்டுக்கொண்டு மேடைப்படி வரை போய், அங்கே கழற்றினேன்.

இவர் மடியில் நீரஜா. அவள் கைக்குள் தேங்காய், அதன் கீழே பார்த்தாவின் கை. இடது உள்ளங்கையில் கெண்டி, வலது கையில் சாய்மானம். மந்திரம் நீண்டுகொண்டே போனது. வாத்தியார் அன்றைக்கென்று எதையும் சுருக்கவில்லை. தோள்பட்டையில் நெருப்பு. பதினோரு விநாடி எப்போதோ தாண்டிவிட்டது. நீரஜா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அம்மா முடியுமா என்று கேட்கிற பார்வை இல்லை. வேலை முடிந்து வரும்போது, அம்மா இருப்பாள் என்று தெரிந்தே ஜன்னலில் என்னைப் பார்ப்பாளே, அந்தப் பார்வை. தாரை அறவில்லை. கடைசிச் சொட்டு வரை நானே விட்டேன்.

திரும்பினால், எனக்குப் பின்னால் அக்கா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கண் கலங்கியிருந்தது. இவளுக்கும் மனசு இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

சம்பந்தி மாமி என்னைத் தனியே கூப்பிட்டு, யாரிடம் மடிசார் கட்டிக்கொண்டீர்கள், இவ்வளவு கச்சிதமாக இருக்கிறதே என்று கேட்டாள். "எங்க நாத்தனார்" என்றேன். பாதி உண்மை.

மார்ச் 17

பள்ளிக்குப் போய்விட்டேன். கிளிப்பச்சைப் புடவை. மணிக்கட்டில் மெரூன் உறையேதான். மேட்சிங் இல்லை. தெரிந்தே போட்டுக்கொண்டேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

ஸ்ரீராமநவமி. பானகத்தில் சுக்கு தூக்கல்.

மத்தியானம் வைஜயந்தி அக்கா போன் செய்தாள். கல்யாண ஆல்பம், நீரஜா குடித்தனம், சித்தூர் வெயில் எல்லாம் பேசி முடித்தாள். பிறகு, "அந்த இஸ்மாயில்ட்ட எனக்கும் ஒண்ணு தைக்கச் சொல்றியா? இடது தோள்னு மறக்காம எழுதிக் குடு" என்றாள்.

"தைச்சது வைதீகத்துக்கு ஆகாதேக்கா" என்று சீண்டினேன்.

அக்கா குரலைத் தாழ்த்தினாள்.

"கொசுவம் சொருகக் குனிய முடியலடி. ரெண்டு வருஷமாச்சு. இடுப்பு. யார்ட்டயும் சொல்லல. உக்காந்தா எழுந்துக்க அரை நாழி ஆறது. அன்னிக்கு அந்த மனுஷன் பாவம், ரெண்டு தடவை ஸ்டூலத் துடைச்சுப் போட்டார். அவ்ளோ தாழ்வா இருந்தது. உக்காந்துட்டு உன் எதிர்ல எழுந்துக்க முடியாமத் தவிக்கணுமேன்னு நின்னுண்டே இருந்துட்டேன்."



போனை வைத்துவிட்டு பிப்ரவரி 19-ஐ எடுத்துப் படித்தேன். மடியாம், மடி. என் கையெழுத்துத்தான். அடித்துவிடலாமா என்று நினைத்தேன். வேண்டாம், இருக்கட்டும். இரண்டு வருடமாக ஒரு கொசுவம் கலையாமல் வந்து போய்க்கொண்டிருந்தாள். நானும் புடவையைத்தான் பார்த்திருக்கிறேன்.

இஸ்மாயிலுக்கு போன் செய்தேன். சனிக்கிழமை பதினோரு மணி. ஒன்பது கஜம், இடது தோள். அதோடு உயரமாக, கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்று வேண்டும் என்றேன்.

"உங்களுக்காமா?"

இரண்டு போடுங்கள் என்றேன்.