முதலைக் கதை வேறு, இது வேறு

வடிவு,

ஜெலுத்தோங் பசாருக்கு மீன் வாங்கப் போகிறேன். இட்லியை மூடி வைத்திருக்கிறேன், சாப்பிடு.

நேற்று எனக்குக் குடலில் புற்றுநோய் என்று நான் சொன்னதும், "போதும்லா, சீக்கு பேரை வச்சா விளையாடுவாங்க?" என்று தேத்தண்ணியோடு எழுந்து போய்விட்டாய். உன் மேல் தப்பில்லை. சுங்கை பினாங்கு ஆற்றில் முதலை என் மோட்டார் சைக்கிளை விழுங்கி, ஹாரனை மட்டும் துப்பியது என்று சொன்ன வாய்தானே இது. ஆனால் டாக்டரின் கடிதம் பிஸ்கட் டின்னுக்கு அடியில் இருக்கிறது. அதை நான் எழுதவில்லை.

ஆரம்பக் கட்டம்தான் என்று அதில் போட்டிருக்கிறது. அந்த நோயின் பெயருக்கு அப்புறம் அவர் பேசியது எதுவும் என் காதில் ஏறவில்லை. அதனால் வியாழக்கிழமை டாக்டரிடம் நீயும் வா. எத்தனை நாள் மருந்து, என்ன சாப்பிடலாம், கேட்க வேண்டிய எல்லாவற்றையும் இப்போதே ஒரு தாளில் எழுதி வை. அங்கே போனால் மறந்துவிடும்.

நம் மகள் ஷர்மினிக்கு நீயே போன் போடு. நான் சொன்னால் அவளும் சிரிப்பாள்.

பி.கு.: டாக்டர் "வலி இருக்கா?" என்று கேட்டார். துளிகூட இல்லை என்றேன். பாவம், நம்பி எழுதிக்கொண்டார். வியாழக்கிழமை என் பக்கத்திலேயே உட்கார். புளுகினால் தொடையில் கிள்ளு.