மூன்றாவது படத்தில் ஒரு புள்ளி

மார்ச் 4
இல்லை, பிரகாசத்தால் அல்ல. அந்தப் புள்ளி நகர்ந்ததால்தான் கண்ணில் பட்டது. எங்கோ ஒரு தொலைநோக்கி பத்து நிமிட இடைவெளியில் எடுத்த நான்கு படங்கள், சிறுகோள் தேடும் குழு ஒன்று எங்களைப் போன்ற ஆர்வலர்களுக்கு அனுப்பியவை. சின்னசேலத்தில், என் தோழி இலக்கியா வீட்டு மாடி அறையில், அவளும் நானும் லேப்டாப்பில் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தோம். நட்சத்திரங்கள் அப்படியே நின்றன. இது முதல் படத்தில் ஓரிடம், இரண்டாவதில் வேறிடம். சிறுகோளா? பட்டியலில் இப்படி ஒன்று இல்லை.

"நம்ம பேர வெப்பாங்களாடி?" என்றாள்.

மார்ச் 5
மூன்று படங்களிலாவது இடம் குறித்துத் தர வேண்டும். நான்காவதில் மேகம். மூன்றாவதில் ஒரு பெரிய நட்சத்திரத்தின் ஒளி. குறித்தேன். அனுப்பினோம்.

மார்ச் 9
ஏற்றுக்கொண்டார்கள். பூமிக்குப் பக்கத்தில் வரும் வகையாக இருக்கலாமாம். அடுத்த வாரம் மறுபடி தேடிப் பார்ப்பார்கள்.

இலக்கியாவின் அப்பா ராஜாங்கம் மாமா தன் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார். மலையிலிருந்து கடுக்காய் கொண்டுவரும் இருசப்பன் என்னிடம் கேட்டார்: "பூமி மேல வுழுமா அது?"

"தெரியலிங்க."

"கண்டுபுடிச்ச நீயே தெரியலன்னா, நான் யாரப் போயி கேக்கறது?"

மார்ச் 12
மூன்றாவது படத்தில் என்ன பார்த்தேன்?

ஒன்றும் பார்க்கவில்லை. வெறும் ஒளி. முதல் இரண்டு புள்ளிகளை மனதில் இணைத்து, கோடு போய்ச் சேரும் இடத்தில் குறி வைத்தேன். அங்கேதானே இருக்க வேண்டும்?

எந்த இரண்டு புள்ளிக்கும் ஒரு கோடு உண்டு. மூன்றாவதுதான் சாட்சி. சாட்சியை நானே செய்துவிட்டேன்.

மார்ச் 13
இலக்கியாவிடம் சொன்னேன்.

"இன்னாத்துக்கு இப்ப நோண்டிக்கினு இருக்க? எவன் பாக்கப் போறான்?"

"தப்பான எடத்துல தேடுவாங்கடி. நெஜமாவே ஒண்ணு இருந்தா தொலஞ்சி பூடும்."

"சொன்னா மட்டும்? ரெண்டு எடத்த வெச்சிக்கினு கண்டுபுடிச்சோம்னு ஒத்துக்குவாங்களா?"

மாட்டார்கள்.

"எங்கப்பாகிட்ட நீயே சொல்லிக்க" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

மார்ச் 14
பெயர் போவதுகூட இல்லை, அரிப்பது வேறு. உண்மையில் எங்கே இருந்தது அது? ஒளிக்குள்ளா, தள்ளியா, இல்லவே இல்லையா? என் குறி அந்தக் கேள்வியை மூடிவிட்டது.

மார்ச் 15
காலை 11.20. குழுவுக்கு மெயில் அனுப்பினேன்: மூன்றாவது இடம் பார்த்ததல்ல, நானே ஊகித்தது, நீக்கிவிடுங்கள். இலக்கியாவுக்கு இதில் பங்கில்லை.

பிறகு ராஜாங்கம் மாமா கடைக்கு நடந்துபோய், கூட்டம் குறையும்வரை நின்று, அவரிடமும் சொன்னேன்.